கழலை வந்த பசுவைத் தரகருக்குக் கொடுத்துவிடலாமா?

ஈரோடு மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டில் இரண்டு கலப்பினக் கறவைகள், ஒரு காங்கேயம் பசு, ஒரு கன்று, ஆறு வெள்ளாடுகள். ஐப்பசி மழை தொடங்கிய கையோடு ஜெர்சி கலப்பினப் பசுவுக்குக் கடுமையான காய்ச்சல். மூன்றாம் நாள் கழுத்து, தொடை, மடி என்று உடல் முழுக்கப் புளியங்கொட்டை முதல் எலுமிச்சை அளவு வரை கட்டிகள். முன்னங்கால்கள் வீங்கிவிட்டன. ஒன்பது லிட்டர் கறந்த மாடு இரண்டு லிட்டருக்கு இறங்கிவிட்டது. நான்கு மாதச் சினை வேறு. ஆறாம் நாள் வெளியாள் ஒருவரை வைத்து எல்லா மாட்டுக்கும், நோயுற்ற பசு உட்பட, தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். அதற்கு ஐந்தாம் நாள் இரண்டாவது கலப்பினத்துக்கும் கட்டி கிளம்பிவிட்டது. "ஊசிதான் நோயைக் கொண்டுவந்தது" என்கிறார் கணவர். "அம்மை இது, ஊசியே ஆகாது, வேப்பிலை போதும்" என்கிறார் மாமியார். 55,000 ரூபாய்க்கு வாங்கிய பசுவை 12,000-க்குக் கேட்டுத் தரகர் வாசலில் நிற்கிறார். பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா, ஆடுகளுக்குத் தொற்றுமா, காங்கேயத்துக்கு வராதுதானே, நஷ்டஈடு உண்டா என்பவை மற்ற கேள்விகள்.

உங்கள் கடிதத்தில் நாள் கணக்கைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், அதுவே பாதி நோயறிதல். நீங்கள் சொல்லும் வரிசை (காய்ச்சல், இரண்டு மூன்று நாளில் உடலெங்கும் உறுதியான கட்டிகள், கால் வீக்கம், பால் இறக்கம்) தோல் கழலை நோய்க்கு அப்படியே பொருந்துகிறது. லம்பி, பெரியம்மை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஆனாலும் கட்டியின் மாதிரியை எடுத்து ஆய்வகத்தில் உறுதிசெய்வது அரசு கால்நடை மருத்துவரின் வேலை. அவரை இன்னும் நீங்கள் கூப்பிடவில்லை என்பது தெரிகிறது. இதைப் படித்து முடித்ததும் கால்நடை அவசர உதவி எண்ணான 1962-க்கு அழையுங்கள், அல்லது உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

தரகர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கொடுக்காதீர்கள்.

காரணம் உங்கள் பணம் மட்டுமல்ல, ஆனால் பணத்திலிருந்தே தொடங்கலாம். இந்த நோயில் சாவு பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்துக்குள்தான். இளங்கன்று, மெலிந்த மாடு, கவனிப்பில்லாத மாடு என்றால் அது கூடும். உங்கள் பசு இரை எடுக்கிறது, எழுந்து நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட மாடு மூன்று நான்கு வாரங்களில் தேறுவதே வழக்கம். தேறியதற்குப் பிறகு அதற்குக் கிடைக்கும் எதிர்ப்பாற்றல் நீண்ட காலம் நிற்கும். வைரஸை வாழ்நாள் முழுக்கச் சுமந்து திரியும் மாடாகவும் அது இருப்பதில்லை. தோலில் தழும்பு இருக்கும், இந்தக் கறவையில் பால் முழுதாகத் திரும்பாமல் போகலாம். 12,000 ரூபாய்க்குப் போகவேண்டிய மாடு அல்ல அது.

அடுத்தது சட்டம். கால்நடைகளின் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2009-இல் வந்தது. தொற்று இருப்பதாகச் சந்தேகம் வந்தாலே மாட்டுக்காரர் தகவல் தரவேண்டும், மாட்டைத் தனியே கட்டவேண்டும், பொது மேய்ச்சலுக்கும் சந்தைக்கும் கொண்டுபோகக் கூடாது என்பது அதன் சாரம். தரகர் அந்தப் பசுவை எங்கே கொண்டுபோவார் என்று உங்களுக்குத் தெரியும். 1929-இல் ஆப்பிரிக்காவில் இன்றைய ஜாம்பியா நாட்டில் முதன்முதலாகப் பதிவான இந்த நோய், 2019-இல் ஒடிசா வழியாக இந்தியக் கணக்கில் ஏறி, 2022-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் பெருங்கூட்டமாக மாடுகளைச் சாய்த்தது. ஒரு ஈ சில கிலோமீட்டர் போகும். மாவட்டம் தாண்டி, மாநிலம் தாண்டி வைரஸைக் கொண்டுபோவது லாரி.

தடுப்பூசி நோயைத் தந்ததா?

உங்கள் கணவரின் கோபம் புரிகிறது, ஆனால் கணக்கு இடிக்கிறது. வைரஸ் உடலுக்குள் புகுந்து கட்டி தெரிய இயல்பாக ஒன்று முதல் நான்கு வாரம் பிடிக்கும். ஊசி போட்ட ஐந்தாம் நாள் உடலெங்கும் கட்டி என்றால், போட்ட அன்றே வைரஸ் அந்த மாட்டின் உள்ளே இருந்திருக்கிறது என்பதே நடக்கக்கூடியது. முதல் பசுவுக்குக் காய்ச்சல் கண்டு ஆறு நாள் ஒரே கூரைக்குக் கீழ், ஒரே ஈக்களின் நடுவில் இரண்டும் நின்றிருக்கின்றன. தடுப்பூசியின் காப்பு முழுமையாக எழ ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். ஓட்டப்பந்தயத்தில் நோய் முந்திவிட்டது, அவ்வளவுதான்.

இங்கே பரவலாகப் போடப்பட்டது ஆட்டம்மைத் தடுப்பூசி. ஆட்டம்மை வைரஸும் கழலை வைரஸும் பங்காளிகள். ஒன்றுக்கு எதிரான காப்பு மற்றதையும் ஓரளவு தடுக்கும். கழலை வைரஸிலிருந்தே செய்த உயிருள்ள தடுப்பூசிகளும் உண்டு. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் உருவாக்கிய லம்பி-புரோவேக்-இண்ட் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. கழலை வைரஸின் நீத்லிங் என்ற வகையிலிருந்து செய்து வெளிநாடுகளில் புழங்கும் ஊசிகளுக்குப் பின் சில மாடுகளில் சின்னச்சின்னக் கட்டிகள் வரும். அவை தோலின் மேலோட்டமாக இருக்கும், இரண்டு வாரத்தில் வடுவின்றி மறையும். நோயின் கட்டி தோலின் முழுத் தடிமனுக்கும் இறங்கி, விரலால் பிடித்தால் கெட்டியாக உருளும். உங்கள் இரண்டாவது மாட்டுக்கு இருப்பது எது என்று மருத்துவர் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்.

ஆனால் கணவரின் சந்தேகத்தில் ஒரு துளி நியாயம் இருக்கிறது. வந்தவர் எல்லா மாட்டுக்கும் ஒரே ஊசிமுனையைப் பயன்படுத்தினாரா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். நோயுற்ற பசுவைக் குத்திய முனையாலேயே அடுத்த மாட்டைக் குத்தினால், ஈ செய்யும் வேலையை ஈயைவிடத் திறமையாக ஊசி செய்துவிடும். மாட்டுக்கு ஒரு முனை, இதில் சமரசமே இல்லை. காய்ச்சலோ கட்டியோ உள்ள மாட்டுக்குத் தடுப்பூசி போடவும் கூடாது. பயன் இல்லை, பாரம் மட்டும் கூடும். மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் வந்ததா, கலக்கிய பிறகு வெயிலில் வைத்துக்கொண்டே வீடுவீடாகப் போனாரா என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. சூட்டில் கெட்ட மருந்தைப் போட்டால் தீங்கு வராது, காப்பும் வராது. நீங்கள் மட்டும் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பீர்கள். மருத்துவர் வரும்போது மருந்துக் குப்பியின் பெயர், தொகுதி எண் கையில் இருந்தால் நல்லது.

மாமியாருக்கு என்ன சொல்வது?

அவர் சொல்வதில் பாதி சரி. இது அம்மைக் குடும்பத்து வைரஸ்தான். வைரஸைக் கொல்லும் ஊசி என்று ஒன்றும் கிடையாது என்பதும் உண்மை. ஆகவே வேப்பிலை கட்டுவதை நிறுத்தச் சொல்லிச் சண்டை வேண்டாம். மருத்துவர் போடும் ஊசி அம்மைக்கு அல்ல, காய்ச்சலுக்கும் வலிக்கும் புண்ணில் ஏறும் சீழுக்கும் என்று சொல்லிப் பாருங்கள். காய்ச்சல் 104 டிகிரியைத் தாண்டி நிற்கும்போது மாடு இரையை விடுகிறது. இரையை விட்ட மாடுதான் விழுகிறது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடுவதை மட்டும் தவிருங்கள். காய்ச்சல், வலிக்கான டைக்ளோஃபெனாக் மாடுகளுக்கு 2006 முதலே தடை. கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் இரண்டும் 2023-இல் தடைக்குள் வந்துவிட்டன. அந்த மருந்து உடலில் இருக்கும்போது செத்த மாட்டைத் தின்னும் பாறுக் கழுகு சிறுநீரகம் கெட்டுச் சாகும். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் கழுகுகளுக்கு உங்கள் மாவட்டம் பக்கத்து வீடு. மெலாக்சிகம் போன்ற மாற்று இருக்கிறது, எடைக்குத் தக்க அளவை மருத்துவர் முடிவு செய்வார். நுண்ணுயிர்க்கொல்லி புண்ணில் சீழோ நுரையீரல் தொற்றோ இருந்தால் மட்டும். கட்டியைப் பார்த்ததும் போட ஆரம்பிப்பது வீண்செலவு, பாலும் கெடும்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தேசியப் பால்வள வாரியமும் பரப்பிய மூலிகைக் கலவையையும் சேர்த்துக் கொடுக்கலாம். வெற்றிலை 10, மிளகு 10 கிராம், உப்பு 10 கிராம், தேவைக்கு வெல்லம். அரைத்து முதல் நாள் மூன்று மணிக்கு ஒருமுறை, மறுநாள் முதல் தினம் மூன்று வேளை, இரண்டு வாரம். இது வைரஸை விரட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். துணைக்குத்தான். கொடுக்கும் முறைதான் இங்கே முக்கியம். மூங்கில் குழாயில் ஊற்றி வாயை நிமிர்த்திப் புகட்டவே கூடாது. இந்த நோயில் வாய்க்குள்ளும் தொண்டையிலும் மூச்சுக்குழலிலும்கூடப் புண் வரும், விழுங்க முடியாத மாட்டுக்கு ஊற்றியது நுரையீரலுக்குப் போய்விடும். கழலையில் தப்பிய மாடு புகட்டலில் போவது இப்படித்தான். சிறு உருண்டையாக எடுத்து நாக்கில் தடவிவிடுங்கள்.

கட்டியைக் கீறாதீர்கள், பிதுக்காதீர்கள். சில கட்டிகள் தானே வற்றும். சில நடுவில் கறுத்துக் காய்ந்து, தக்கைபோல் கழன்று விழுந்து குழிப்புண்ணாகும். அங்கேதான் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும், காக்கை வந்து கொத்தும். தினம் ஒருமுறை பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை இளஞ்சிவப்பு நிறம் வருமளவு மட்டும் கரைத்த நீரில் கழுவி, உலரவிட்டு, எண்ணெய் பூசுங்கள். குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை தலா ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம், எல்லாம் அரைத்து அரை லிட்டர் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி ஆறவைத்தது போதும். புழு வைத்துவிட்டால் முதல் நாள் மட்டும் சீத்தா இலை விழுதையோ கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயையோ வையுங்கள். புழு ஆழத்தில் இருந்தால் மருத்துவர் எடுக்கட்டும். கழன்று விழும் பொருக்கை வாரித் தீயிலிடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். காய்ந்த பொருக்கில் வைரஸ் ஒரு மாதத்துக்கும் மேல் உயிரோடு கிடக்கும்.

கால் வீங்கிய மாட்டைக் கல்தரையில் கட்டாதீர்கள். வைக்கோல் பரப்பி, தண்ணீர்த் தொட்டியை முகத்துக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். பசும்புல், ராகிக் கூழ், கஞ்சி, தினம் 50 கிராம் தாது உப்பு. காம்பில் கட்டி இருந்தாலும் மடியை முழுதாகக் கறந்துவிடவேண்டும். வலிக்கிறதே என்று பாலைத் தேக்கினால் மடிநோய் வந்து காம்பே போய்விடும்.

ஈயை எங்கே பிடிப்பது?

சாயங்காலம் வேப்பிலைப் புகை போடுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது கொசுவுக்கு ஆகும். கழலையைப் பரப்புவதில் முக்கிய ஆளான கடிக்கும் மாட்டு ஈ பகலில் வேலை செய்வது. பார்வைக்கு வீட்டு ஈ மாதிரியே இருக்கும், ஆனால் முன்னால் ஊசிபோல் வாய் நீட்டிக்கொண்டிருக்கும். முழங்காலுக்குக் கீழே உட்கார்ந்து கடிக்கும். மாடு ஓயாமல் காலை உதைத்தால் அதுதான். வைரஸ் அதன் உடலில் பெருகுவதில்லை. கட்டியுள்ள தோலில் கடித்த வாயோடு, மாடு வாலால் அடித்து விரட்டியதும், பக்கத்து மாட்டில் போய் மிச்சத்தைக் குடிக்கிறது. அழுக்கு ஊசி செய்வதே இதுவும். கொசுவும் உண்ணியும் இதே வேலையைச் செய்யும்.

அதனால் கொசுவலை ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் அதை நோயுற்ற மாட்டின் சுற்றில் கட்டுங்கள். நல்ல மாட்டுக்குக் கட்டவேண்டும் என்றுதான் மனம் சொல்லும். ஆனால் வைரஸ் கிளம்பும் இடத்தில் ஈயை மறித்தால் இன்னும் நோய் வராத மாடுகள் எல்லாமே தப்பும்.

அந்த ஈ முட்டையிடுவது சாணமும் மூத்திரமும் ஊறிய பழைய வைக்கோலில். தொட்டிக்கு அடியில் மிதிபட்டுக் கிடக்கும் கழிவுத் தீவனத்தைத் தினமும் வாருங்கள். முட்டை ஈயாக வெயில் நாளில் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும் என்பதால், வாரம் ஒருமுறை அடியோடு சுத்தம் செய்தாலே அடுத்த தலைமுறை அறுந்துபோகும். எருக்குவியலைத் தார்ப்பாயால் மூடி ஓரத்தில் மண் போட்டுவிடுங்கள், உள்ளே எழும் சூட்டில் புழு வெந்துவிடும். டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தெளிப்பதானால் புட்டியில் உள்ள அளவுப்படி, கறவை முடிந்த பிறகு, நல்ல தோலின் மேல் மட்டும். குழிப்புண்ணில் படக்கூடாது, கிணறு, மீன்தொட்டிப் பக்கம் கழுவக்கூடாது. தரைக்குக் கிருமிநாசினியாக 2 முதல் 3 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். முதலில் சாணத்தை வழித்துக் கழுவிவிட்டுப் பிறகு ஊற்றவேண்டும், சாணத்தின் மேல் ஊற்றினால் மருந்து சாணத்தோடு தீர்ந்துவிடும்.

சின்ன வாசலில் எவ்வளவு தள்ளிக் கட்டமுடியும் என்று கேட்பீர்கள். முடிந்தவரை, காற்று நல்ல மாட்டிலிருந்து நோய் மாட்டை நோக்கி வீசும் பக்கமாக. அதைவிட வரிசை முக்கியம். தீனி, கறவை, குளிப்பாட்டு எல்லாவற்றிலும் நல்ல மாடு முதலில், நோய் மாடு கடைசியில். கயிறு, வாளி தனித்தனி. இரண்டு பேர் இருந்தால் ஆளும் தனி.

பால், குழந்தை, ஆடுகள்

கழலை வைரஸ் மனிதருக்கு வராது. குழந்தை மாட்டைத் தொட்டதற்காகப் பயப்படவேண்டாம். கறப்பவர் கையில் கொப்புளம் வந்தால் அது வேறு அம்மை வகையாக இருக்கக்கூடும், மனித மருத்துவரிடம் காட்டுங்கள். பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கலாம். நிறம் மாறிய, திரிந்த, சீழ் கலந்த பாலைக் கொட்டிவிடுங்கள். நுண்ணுயிர்க்கொல்லி போட்டிருந்தால் மருத்துவர் சொல்லும் நாள்வரை வீட்டுக்கும் வேண்டாம், சொசைட்டிக்கும் வேண்டாம். கன்றை நோய்ப் பசுவில் ஊட்டவிடாமல், கறந்து காய்ச்சி ஆறிய பாலை, கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் இரண்டு மூன்று வேளையாகக் கொடுங்கள்.

வெள்ளாடுகளுக்கு இந்த நோய் இயற்கையாக வருவதாகக் காணவில்லை, அவற்றுக்கு வருவது ஆட்டம்மை. ஊர் எருமைகளுக்கு வரலாம், பெரும்பாலும் லேசாக.

சினை கலையும் வாய்ப்பு இருக்கிறது, மறைப்பதற்கில்லை. கடுங்காய்ச்சல் நாட்கள் கடந்தும் கரு தங்கியிருந்தால் நம்பிக்கை கூடும். வெள்ளையோ இரத்தமோ கண்டால் நீங்களே கையை உள்ளே விட்டுப் பார்க்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஊர்க்காளையிடம் இப்போதைக்கு எந்த மாட்டையும் விடாதீர்கள். நோய் கண்ட காளையின் விந்தில் வைரஸ் ஆறு வாரம்வரை இருந்திருக்கிறது.

நஷ்டஈடு

மாடு இறந்தால் தானாகப் பணம் வரும் என்று எண்ணியிருக்கவேண்டாம். அரசு நிவாரணம் அறிவித்திருந்தால் மருந்தகத்தில் சொல்வார்கள், நீங்கள் பதிவு செய்த நோய்த்தகவல்தான் அப்போது ஆதாரம். காப்பீடு இருந்தால் காதுவில்லையைப் பத்திரமாகப் பாருங்கள். இறந்தால் புதைக்கும் முன்பே நிறுவனத்துக்குத் தகவல், மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று, வில்லையோடு புகைப்படம். வில்லை விழுந்த மாட்டுக்குப் பணம் வாங்குவது பெரும்பாடு. கட்டி கிளம்பிய பிறகு புதிதாகக் காப்பீடு எடுக்க நினைப்பது பலிக்காது. புதைப்பதானால் கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி, ஆள் உயரக் குழி, மேலே சுண்ணாம்பு. தோலை உரிக்க யாருக்கும் கொடுக்கவேண்டாம்.

எப்போது நள்ளிரவானாலும் அழைக்கவேண்டும்? மூச்சில் கரகரப்பு அல்லது வாயைத் திறந்து மூச்சு வாங்கல், இரண்டு நாளாக அசை போடாமை, எழமுடியாமல் படுத்தே கிடத்தல், கண்ணில் வெண்படலம், மடி கல்லாதல். இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

கடைசியாகக் காங்கேயம். நாட்டு மாட்டுக்கு வராது என்பது ஆறுதல் பேச்சு. கலப்பினத்தைவிட லேசாக வந்துபோவது உண்டு, ஆனால் 2022-இல் மேற்கே செத்த மாடுகளில் நாட்டினங்களும் ஏராளம். இப்போது கட்டி இல்லை, காய்ச்சலும் இல்லை என்கிறீர்கள். ஊசி போட்ட நாளைச் சுவர் நாட்காட்டியில் குறித்து, அதிலிருந்து மூன்று வாரம் காலையும் மாலையும் காய்ச்சல் பாருங்கள். அந்த மூன்று வாரமும் அதைக் கொட்டகையை விட்டு வெளியே ஓட்டவேண்டாம். அடுத்த தடுப்பூசி ஓராண்டில், அதற்குள் கன்றுக்கு நான்கு மாதம் முடிந்திருந்தால் மருத்துவரிடம் கேட்டு அதற்கும் முதல் ஊசி. வரும் ஊசிமுனைகள் உறை பிரிக்காமல், மாட்டுக்கு ஒன்றாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கயிற்றைப் பிடியுங்கள்.